கிராஷ் டம்ப் பாதியில் அறுந்தால்: கேடம்ப் மெமரியை அளந்து ஒதுக்கும் முறை

போன ஆண்டு எங்கள் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை கெர்னல் பேனிக் ஆகி (இயங்குதளத்தின் மையமான கெர்னலே மேலே ஓட முடியாமல் நின்று) விழுந்துகொண்டிருந்தது. 768 ஜிபி ரேம் உள்ள பெரிய பெட்டி. விழுந்ததும் தானே ரீபூட் ஆகி எழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டிய கிராஷ் டம்ப், அதாவது விழுந்த நொடியின் மெமரி நகலான விஎம்கோர் கோப்பு, மட்டும் கிடைக்காது. முதல் முறை, டம்ப் போய்ச் சேர வேண்டிய என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக இணைத்த) டைரக்டரி காலியாகக் கிடந்தது. டம்ப் எடுக்க ஒதுக்கியிருந்த மெமரியைக் குத்துமதிப்பாகக் கூட்டிவைத்தேன். இரண்டாம் முறை ‘விஎம்கோர்-இன்கம்ப்ளீட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. பாதியில் அறுந்த அதிலிருந்து எங்களுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. காலையில் டேட்டாபேஸ் குழுவை நடத்தும் அக்கா போன் செய்து, “தம்பி, இந்தத் தடவையாவது என்னன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெட் ஹேட் 9 குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். உபுண்டு, டெபியனில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில், மெமரி ஏன் இங்கே தட்டுப்பாடாகிறது என்பது புரிய வேண்டும். 768 ஜிபி இருக்கிற இடத்தில் மெமரி போதவில்லை என்றால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். இப்படி டம்ப் எடுக்கும் ஏற்பாடான கேடம்ப் 2005-இல் லினக்ஸ் 2.6.13-இல் சேர்ந்தது. கெர்னல் விழுந்த பிறகு அந்தக் கெர்னலின் டிஸ்க் டிரைவரையோ நெட்வொர்க் டிரைவரையோ நம்பி டம்ப் எழுதக்கூடாது, ஏனென்றால் கெட்டுப்போனது அதுவாகவே இருக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் பூட் ஆகும்போதே ரேமில் ஒரு சிறிய பகுதியை வேலிபோட்டு ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றித் தயாராக வைத்துவிடுகிறோம். முதல் கெர்னல் விழுந்ததும் பயாஸுக்குப் போகாமல் நேரே இரண்டாவது கெர்னலுக்குத் தாவுகிறது. அது அந்தச் சிறிய பகுதிக்குள் மட்டுமே வாழ வேண்டும். மீதி ரேம் முழுவதும் அதற்குத் தடயம். படிக்கலாம், அதில் எழுதக்கூடாது. ஊர் முழுக்க வெள்ளம் வந்தாலும் தண்ணீர் ஏறாத மேடு மாதிரி அந்த ஒதுக்கிய பகுதி. மேட்டில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதுதான் நம் கணக்கு. ஊர் எவ்வளவு பெரியது என்பது அந்தக் கணக்கில் ஒரு சிறு பங்குதான்.

ஒதுக்கீடு நடந்திருக்கிறதா என்று பாருங்கள்

கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் கிராஷ்கெர்னல்=256எம் என்று எழுதியிருப்பதாலேயே மெமரி ஒதுங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று இடம் பார்க்க வேண்டும். ப்ராக் அடியில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் அந்த வரி உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் லோடரான கிரப்பின் கோப்பைத் திருத்திவிட்டு அதை மறுபடி உருவாக்க மறந்த சர்வர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து, சிஸ் அடியில் கெர்னல் டைரக்டரியில் கேஎக்செக்_கிராஷ்_சைஸ் என்ற கோப்பு. இதில் பைட் கணக்கில் எண் இருக்கும்; 256 எம்பி என்றால் 268435456. அங்கே 0 இருந்தால் மேடே இல்லை என்று பொருள். மூன்றாவது, பக்கத்திலேயே உள்ள கேஎக்செக்_கிராஷ்_லோடட். இதில் 1 இருந்தால்தான் இரண்டாவது கெர்னல் ஏறி நிற்கிறது. சைஸ் சரியாக இருந்து லோடட் 0 என்றால் சிக்கல் கேடம்ப் சர்வீஸில். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்த்தால் காரணம் தெரியும். உபுண்டுவில் கேடம்ப்-கான்ஃபிக் ஷோ என்று கொடுத்தால் இவற்றை ஒரே இடத்தில் காட்டிவிடும்.

சைஸ் 0 என்றால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில் ‘கிராஷ்கெர்னல் ரிசர்வேஷன் ஃபெயில்ட்’ என்று தேடுங்கள். கேட்ட அளவுக்கு ஒரே தொடர்ச்சியான இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பழைய ஆவணங்களைப் பார்த்து அளவுக்குப் பின்னால் @16எம் என்று முகவரியும் சேர்த்து எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இடத்தைக் கெர்னலே தேர்ந்தெடுக்கட்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பெரிய அளவு கேட்கும்போது 4 ஜிபிக்குக் கீழே அவ்வளவு இடம் இல்லாமல் போவதும் உண்டு. அதற்குத்தான் கிராஷ்கெர்னல்=1ஜி,ஹை என்ற வடிவம்; 4 ஜிபிக்கு மேலே எடுத்துக்கொள் என்று சொல்கிறோம். ஆனால் சில பழைய சாதனங்களுக்கு டிஎம்ஏ (சிபியு வழியாகப் போகாமல் நேரே மெமரியில் படித்து எழுதுவது) செய்ய 4 ஜிபிக்குக் கீழேதான் இடம் வேண்டும், அதற்கு இடைத்தங்கலான ஸ்வயோட்எல்பி பஃபரும் அங்கேதான் அமரும். ஹை என்று கொடுத்தால் எக்ஸ்86-இல் கெர்னல் தானாகவே கீழே குறைந்தது 256 எம்பி சேர்த்து ஒதுக்கும். ‘அது எதற்கு வீணாக’ என்று லோ (கீழ்ப்பகுதி) அளவை 0 ஆக்கிவிடாதீர்கள். மேலே 1 ஜிபி சும்மா கிடக்க, கீழே இடமில்லாமல் டிஸ்க் டிரைவர் ஏறாது. மெமரி இருந்தும் மெமரி இல்லை என்று செய்தி வருவதால், இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

ஒன்று நினைவில் வையுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கேஎக்செக்_கிராஷ்_சைஸ் கோப்பில் எழுதி ஒதுக்கீட்டைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. கூட்ட ரீபூட் தேவை. அதனால் முதலில் தாராளமாக ஒதுக்கி, அளந்து பார்த்து, பிறகு இறக்குவதுதான் வசதி.

எவ்வளவு ஒதுக்குவது

ரெட் ஹேட் 8 வரை கிராஷ்கெர்னல்=ஆட்டோ என்று விட்டுவிடலாம். 9-இல் அது இல்லை. அங்கே வரம்பு வைத்து எழுதுகிறார்கள்: 1ஜி-4ஜி:192எம்,4ஜி-64ஜி:256எம்,64ஜி-:512எம். அதாவது ரேம் 1 முதல் 4 ஜிபிக்குள் என்றால் 192, 64 ஜிபி வரை 256, அதற்கு மேல் 512 எம்பி. கேடம்ப்சிடிஎல் ரீசெட்-கிராஷ்கெர்னல் என்று கொடுத்தால் இந்த இயல்பு அளவை எழுதிவிடும்.

எங்கள் சர்வரில் என்ன இருந்தது தெரியுமா? சிறிய விர்ச்சுவல் மெஷினுக்காகச் செய்த டெம்ப்ளேட்டிலிருந்து வந்த வெறும் 256எம். வரம்பு இல்லாமல் ஒரே எண். பெட்டி மாறியது, எண் மாறவில்லை. டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வரம்பு வடிவத்திலேயே எழுதுங்கள்.

இயல்பு அளவும் ஒரு தொடக்கம்தான். கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கெர்னல் எவ்வளவு, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ரேமில் விரியும் சிறிய கோப்புத் தொகுப்பு) எவ்வளவு, ஏற வேண்டிய மாட்யூல்கள் (டிரைவர் போன்றவை) எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டி, பரிந்துரைக்கும் அளவையும் சொல்லும். நல்ல கருவி. ஆனால் ஒரு நெட்வொர்க் கார்டு எழுந்ததும் எவ்வளவு பஃபர் கேட்கும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியாது. எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

அந்த இடத்தைத் தின்பது யார்

பேசும்போது எல்லோரும் ரேம் அளவையே சொல்வார்கள், “768 ஜிபி டம்ப் ஆச்சே, அதான் போதல” என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். டம்பை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல், மெமரியின் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 1 பிட் வைத்து, இந்தப் பக்கம் வேண்டும், இது வேண்டாம் என்று குறித்துக்கொள்கிறது. 768 ஜிபிக்கு அந்தக் குறிப்பு 24 எம்பி. இரண்டு பிரதி என்றால் 48 எம்பி. அவ்வளவுதான். பதிப்பு 1.5.0-இலிருந்து சுழற்சி முறை வந்துவிட்டதால் அதையும் துண்டு துண்டாகச் செய்யலாம். --சைக்ளிக்-பஃபர் 1024 என்று கொடுத்தால் 1 எம்பி பஃபரில் ஒரு சுற்றுக்கு 32 ஜிபி பார்க்கும். எங்கள் பெட்டிக்கு 24 சுற்று. நேரம் கூடும், மெமரி குறையும். சாதாரணமாக அதுவே இருக்கும் மெமரியைப் பார்த்து அளவைத் தீர்மானித்துக்கொள்வதால் நாம் தொட வேண்டியதில்லை. நேரத்தை மிச்சம்பிடிக்க --நம்-த்ரெட்ஸ் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். ஒவ்வொரு த்ரெடுக்கும் தனி பஃபர் போகும்.

மேக்டம்ப்ஃபைல் கட்டளையில் -டி 31 என்பது இருக்கிறதா என்றும் பாருங்கள். 1 பூஜ்யப் பக்கங்கள், 2-உம் 4-உம் கேஷ் பக்கங்கள், 8 பயனர் புரோகிராம்களின் பக்கங்கள், 16 காலிப் பக்கங்கள்; கூட்டினால் 31. இவ்வளவையும் தள்ளிவிட்டுக் கெர்னலின் பக்கங்களை மட்டும் எழுதும்.

உண்மையில் தின்பவர்கள் வேறு. ஒன்று, டிரைவர்கள். இன்றைய 25 ஜிபிட், 100 ஜிபிட் நெட்வொர்க் கார்டுகளும் ஃபைபர் சேனல் கார்டுகளும் எழுந்தவுடனேயே வரிசை வரிசையாக பஃபர் பிடித்துக்கொள்ளும். எத்தனை வரிசை என்பது பல டிரைவர்களில் சிபியு எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால்தான் இரண்டாவது கெர்னலுக்கு என்ஆர்_சிபியுஸ்=1 என்று கொடுக்கிறார்கள். எட்சி அடியில் சிஸ்கான்ஃபிக் டைரக்டரியில் கேடம்ப் என்ற கோப்பைத் திறந்து, கேடம்ப்_கமாண்ட்லைன்_அப்பெண்ட் வரியில் அது இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதோடு சிகுரூப்_டிசேபிள்=மெமரி, நூமா=ஆஃப், யூடெவ்.சில்ட்ரன்-மேக்ஸ்=2, டிரான்ஸ்பேரன்ட்_ஹியூஜ்பேஜ்=நெவர் ஆகியவையும் இருக்க வேண்டும். சீரியல் கன்சோல் சேர்க்கப் போய் யாராவது அந்த வரி முழுவதையும் அழித்து எழுதியிருந்தால் இவை அத்தனையும் போயிருக்கும். சேர்ப்பவர்கள் கடைசியில் சேருங்கள்.

இரண்டாவது, இனிட்ராம்எஃப்எஸ். அதுவும் ரேமில்தான் விரிகிறது. டிஸ்க்கில் 40 எம்பி கோப்பு விரிந்தபின் பல மடங்காகும். எல்எஸ்இனிட்ஆர்டி கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரும் அதன் ஃபர்ம்வேரும் உள்ளே இருந்தால் கேடம்பின் அமைப்புக் கோப்பான கேடம்ப்.கான்ஃபில் டிராகட்_ஆர்க்ஸ் வரியில் --ஓமிட்-டிரைவர்ஸ் கொடுத்து வெளியேற்றலாம்.

மூன்றாவது, முதல் கெர்னலுக்காக நாம் செய்த அமைப்புகள் இரண்டாவது கெர்னலுக்கும் தொற்றிக்கொள்வது. டேட்டாபேஸ் சர்வர்களில் இது அடிக்கடி நடக்கும். பூட் வரியில் ஹியூஜ்பேஜஸ்=... என்று பெரிய எண் இருந்து, அது இரண்டாவது கெர்னலுக்கும் போனால், 512 எம்பிக்குள் கிடைத்ததையெல்லாம் ஹியூஜ்பேஜாக (பெரிய அளவு மெமரிப் பக்கமாக) பிடித்துவைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு இடமில்லை என்று நிற்கும். கேடம்ப்_கமாண்ட்லைன்_ரிமூவ் வரியில் ஹியூஜ்பேஜஸ், ஹியூஜ்பேஜ்எஸ்இசட், ஸ்லப்_டீபக் மூன்றும் இருக்க வேண்டும். கெர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பும் அப்படியே. 768 ஜிபி பெட்டியில் விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் அமைப்பை 2 ஜிபி என்று வைப்பது நியாயம். அதே கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போனால், மொத்தமே 512 எம்பி உள்ள கெர்னலிடம் 2 ஜிபியைக் காலியாக வைத்திரு என்று சொன்ன மாதிரி. ரெட் ஹேட் குடும்பத்தின் புதிய பதிப்புகள் அந்தக் கோப்பைத் தாமாகவே விலக்கிவிடுகின்றன. மற்றவற்றில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, என்க்ரிப்ட் செய்த டிஸ்க். டம்ப் போகும் பார்ட்டிஷன் எல்யூகேஎஸ்2 (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன் வடிவம்) என்றால், அதைத் திறக்கப் பாஸ்வேர்டிலிருந்து சாவி செய்யும் ஆர்கான்2 கணக்கே 1 ஜிபி வரை மெமரி கேட்கும்படி அமைந்திருக்கலாம். கிரிப்ட்செட்டப் எல்யூகேஎஸ்டம்ப் கொடுத்தால் ‘மெமரி’ என்ற வரியில் கேபி கணக்கில் காட்டும். அங்கே 1048576 என்று இருந்தால் 512 எம்பியில் அந்த டிஸ்க் திறக்கவே போவதில்லை. டம்புக்கென்று என்க்ரிப்ட் செய்யாத பார்ட்டிஷன் வைப்பதா, ஒதுக்கீட்டைக் கூட்டுவதா என்பதை உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் பேசி முடிவெடுங்கள். விஎம்கோரில் பாஸ்வேர்ட், கீ எல்லாம் இருக்கலாம் என்பதால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

கண்ணால் பார்த்து அளப்பது

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. இரண்டாவது கெர்னல் சாகும்போது அது சொல்வது பல நேரம் எந்த லாகிலும் பதியாது. கன்சோலில்தான் ஓடும். எனவே சீரியல் கன்சோல் வேண்டும்: கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்பதை முதல் கெர்னலுக்கும் கொடுங்கள், இரண்டாவதற்கும் சேர வேண்டும். சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் ஐபிஎம்ஐ வழியாக அந்த ஓட்டத்தை இன்னொரு மெஷினில் பிடித்துக் கோப்பில் சேமியுங்கள்.

பிறகு அப்பெண்ட் வரியில் ஆர்டி.மெம்டீபக்=3 சேருங்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் ஒவ்வொரு கட்டத்திலும் மெம்இன்ஃபோவையும் ஸ்லாப் விவரத்தையும் கொட்டும். 4 என்று கொடுத்து, மெம்ஸ்ட்ராக் கருவியும் நிறுவியிருந்தால் ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை எம்பி பிடித்தது என்றே சொல்லிவிடும். கேடம்ப்.கான்ஃபில் ஃபெயிலியர்_ஆக்‌ஷன் ஷெல் என்று வையுங்கள். டம்ப் தோற்றால் ரீபூட் ஆகாமல் ஷெல்லில் நிற்கும். டெஸ்ட் முடிந்ததும் இதை ரீபூட் என்று மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் நிஜ கிராஷ் அன்று சர்வர் உங்களுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நிற்கும். மாற்றங்களுக்குப் பின் கேடம்ப்சிடிஎல் ரீபில்ட், அடுத்து ரீஸ்டார்ட்.

டேட்டாபேஸை முறையாக நிறுத்துங்கள். கிளஸ்டரில் இருந்தால் அந்த நோடை வெளியே எடுங்கள். இல்லையென்றால் ஃபென்சிங் (பதில் சொல்லாத நோடைக் கிளஸ்டரே வலிய அணைப்பது) வந்து டம்ப் நடக்கும்போதே கரண்டை வெட்டிவிடும், அதை நாம் மெமரிப் பிரச்சினை என்று நினைத்துவிடுவோம். சிங்க் கொடுத்துவிட்டு, சிஸ்ஆர்க்யூ-டிரிகர் கோப்பில் சி என்ற எழுத்தை எக்கோ செய்யுங்கள். சர்வர் அந்த நொடியே விழும்.

நான் இதைச் செய்தது ஒரு சனிக்கிழமை இரவு, முன்பு குத்துமதிப்பாகக் கூட்டிவைத்த 384 எம்பி ஒதுக்கீட்டோடு. இனிட்ராம்எஃப்எஸ் எழுந்தபோது காலி மெமரி ஏறக்குறைய 230 எம்பி. நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஏறிய மறு வரியில் அது 75. ஒரே மாட்யூல் 150 எம்பிக்கு மேல் எடுத்துக்கொண்டதை மெம்ஸ்ட்ராக் தனி வரியாகக் காட்டியது. அதன் பிறகு என்எஃப்எஸ் மவுன்ட் ஆனது, ‘சேவிங் விஎம்கோர்’ என்று வந்தது, காப்பியிங் டேட்டா 31 சதவீதம் வரை நகர்ந்தது. அங்கே நின்றது. ‘அவுட் ஆஃப் மெமரி: கில்ட் ப்ராசஸ்’, அடைப்புக்குள் மேக்டம்ப்ஃபைல். முதல் கிராஷில் டைரக்டரி ஏன் காலியாக இருந்தது என்பதும் அப்போதே விளங்கியது. 256 எம்பியில் அந்தக் கார்டே எழுந்திருக்காது. கார்டு இல்லை என்றால் நெட்வொர்க் இல்லை, என்எஃப்எஸ் இல்லை.

திருத்தம் இரண்டு செய்தேன். ஒதுக்கீட்டை 512 எம்பி ஆக்கினேன். அதைவிட முக்கியமாக, டம்பை நெட்வொர்க்கில் அனுப்புவதை விட்டு உள் டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷனுக்கு மாற்றினேன். கார்டு டிரைவர் இரண்டாவது கெர்னலில் ஏறவே தேவையில்லாமல் போனது. அடுத்த டெஸ்டில் எழுதும்போது 300 எம்பிக்கு மேல் காலியாக இருந்தது. என் உறுதியான கருத்து இது: உள் டிஸ்க்கில் இடம் இருந்தால் அங்கேயே எழுதுங்கள், ரீபூட் ஆன பிறகு வேண்டிய இடத்துக்கு நகலெடுங்கள். நெட்வொர்க்தான் வழி என்றால் கார்டு கேட்கும் அளவை இப்படி அளந்து, அதற்கு மேல் 100 எம்பியாவது கூடுதலாக வையுங்கள்.

விழும் செய்திகளை இப்படிப் படியுங்கள். மேக்டம்ப்ஃபைல் கொல்லப்பட்டால் விளிம்பில் இருக்கிறீர்கள். ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கூட்டினாலோ, தின்பதைக் கொஞ்சம் குறைத்தாலோ போதும். சாதனங்களைக் கண்டு டிரைவர் ஏற்றும் யூடெவ் கொல்லப்பட்டால், அல்லது ஒரு டிரைவர் ப்ரோப் செய்யும்போது (தன் சாதனத்தை எழுப்பும்போது) மெமரி கிடைக்கவில்லை என்றால், டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். ‘கொல்ல ப்ராசஸ் எதுவும் இல்லை’ என்று சொல்லி இரண்டாவது கெர்னலே பேனிக் ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் விரியவே இடமில்லை. ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். எந்த மெமரிச் செய்தியும் இல்லாமல் கோப்பு பாதியில் நின்றால் டிஸ்க் நிறைந்ததா, வாட்ச்டாக் ரீபூட் செய்ததா என்று தேடுங்கள்.

இன்னொன்று: கேடம்ப் முதலில் விஎம்கோர்-டிமெஸ்க் என்ற உரைக் கோப்பை எழுதிவிட்டுத்தான் பெரிய டம்பைத் தொடங்கும். டம்ப் அறுந்தாலும் அந்தச் சிறிய கோப்பு பிழைத்திருக்கும். பேனிக் ஆன இடமும் கால் டிரேஸும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) அதிலேயே இருக்கும். இன்கம்ப்ளீட் கோப்பை அழிக்கும் அவசரத்தில் அதையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை டெஸ்ட் முடிந்து பத்தொன்பதாம் நாள் அதிகாலை சர்வர் மறுபடி விழுந்தது. காலையில் பார்த்தபோது டைரக்டரியில் விஎம்கோர் முழுதாக இருந்தது, 11 ஜிபி. டம்பைப் படிக்கும் கிராஷ் கருவியில் திறந்து ‘பிடி’ (பேக்டிரேஸ்) கட்டளை கொடுத்ததும் ஸ்டோரேஜ் டிரைவரின் ஒரு ஃபங்ஷனில் வந்து நின்றது. டிரைவர் கொடுத்தவர்களுக்கு அந்த டிரேஸை அனுப்பினோம், திருத்திய பதிப்பு வந்தது. இந்த முறை அக்காவுக்கு நானே முதலில் போன் செய்தேன்.

இப்போது கெர்னல் அப்டேட், கார்டு மாற்றம், ஃபர்ம்வேர் மாற்றம், மூன்றில் எது நடந்தாலும் சர்வரைத் திரும்ப வேலைக்கு விடும் முன் கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட்டும், ஒரு முறை எக்கோ சி-யும் செய்கிறோம். பெரிய பெட்டிகள் பூட் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் நாற்பது நிமிடம் ஆகிறது. மெயின்டெனன்ஸ் நேரம் கேட்கும்போதே அந்த நாற்பது நிமிடத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்; பின்னால் தனியாகக் கேட்டால் கிடைக்காது.